மூன்று மாதம் பொறுப்பதா, இப்போதே ஸ்கேன் எடுப்பதா?

காவிரி டெல்டாவின் ஒரு சிற்றூரிலிருந்து 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

திருமணமாகி மூன்று ஆண்டுகள். கணவருக்கு வளைகுடாவில் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். சென்ற ஆண்டு அவர் வந்திருந்தபோது கர்ப்பமானார். ஏழாவது வாரம் என்று கணக்கிட்டு ஒரு ஸ்கேன் சென்டரில் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் எடுத்ததில் துடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பத்தாம் நாள் ரத்தப்போக்கு வந்து கரு தானாகவே கலைந்துவிட்டது. "கருவியை உள்ள விட்டுக் கலைச்சிட்டாங்க" என்பது மாமியாரின் முடிவான முடிவு.

இம்முறை கணவர் வந்து 34 நாள். கடைசியாக மாதவிலக்கு வந்து 52 நாள். இவருக்கு எப்போதுமே 40, 45 நாளுக்கு ஒருமுறைதான் விலக்காகும். ஒரு வாரத்துக்கு முன் வீட்டிலேயே கிட் வாங்கிப் பார்த்ததில் இரண்டு கோடு. பதிவு செய்ய ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது செவிலியர் கணக்குப் போட்டு "ஏழரை வாரம்" என்று சொல்ல, கூட வந்த நாத்தனார், "தம்பி ஊருக்கு வந்தே அஞ்சு வாரம்தானே ஆகுது?" என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் யாரும் இவரிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

இவர் கேட்பது: இப்போதே ஸ்கேன் எடுக்கலாமா, மாமியார் சொல்வதுபோல் மூன்றாம் மாத ஸ்கேன் வரை பொறுக்கலாமா? ஸ்கேன் கதிர் கருவைப் பாதிக்குமா? ரிப்போர்ட்டிலும் ஏழு வாரம் என்று அச்சாகி வந்தால் என்ன செய்வது? கடிதத்தை முடித்துக் கையெழுத்தும் போட்ட பிறகு, கீழே ஒரு வரி: "இரண்டு நாளாக லேசாகப் பழுப்பு நிறத்தில் கறை படுகிறது. வலி இல்லை. இது சாதாரணம்தானே டாக்டர்?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதிய வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

முதலில் அந்தக் கறை

கர்ப்பத்தின் முதல் வாரங்களில் லேசாகக் கறை படுவது பல பெண்களுக்கு நேர்வதுதான். அவர்களில் பெரும்பாலோர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். அதனால் பதற வேண்டாம். ஆனால் "சாதாரணம்தானே" என்று நீங்களே முடிவு செய்துகொள்ளவும் வேண்டாம். இந்தக் கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் நாளைக் காலை போய்விடுங்கள்.

காரணம் இருக்கிறது. கிட்டில் இரண்டு கோடு வந்தால் கரு கருப்பைக்குள் பத்திரமாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கிட் காட்டுவது சிறுநீரில் கர்ப்ப ஹார்மோன் இருக்கிறது என்பதை மட்டும்தான். கரு எங்கே தங்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நூறு கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோ கருக்குழாயில் தங்கிவிடுகின்றன. அங்கேயும் ஹார்மோன் சுரக்கும், அங்கேயும் இரண்டு கோடு வரும். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும்; வெளியே தெரிவது கொஞ்சம் கறையாகத்தான் இருக்கும். ஒரு பக்கமாக அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் இனம்புரியாத வலி, தலைசுற்றல், மயக்கம், நாப்கின் நனையும் அளவு ரத்தம் — இவற்றில் ஒன்று வந்தாலும் நள்ளிரவானாலும் 108-ஐக் கூப்பிட்டு, அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அந்த நேரத்தில் ஸ்கேன் வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் யாரிடமும் கருத்துக் கேட்கத் தேவையில்லை.

உங்கள் ரத்த வகை என்ன என்று எழுதவில்லை. நெகட்டிவ் என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சென்ற முறை கலைந்தபோது ஆன்டி-டி ஊசி (நெகட்டிவ் வகைத் தாய்மாருக்கு அடுத்த கர்ப்பத்தைக் காக்கப் போடுவது) போட்டார்களா என்பதையும் பழைய சீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஏழரை வாரமா, ஐந்தரை வாரமா?

உங்களை இவ்வளவு அலைக்கழிக்கும் அந்தக் கணக்குக்கு வருவோம். மருத்துவத்தில் கர்ப்ப வாரம் என்பது கணவனும் மனைவியும் சேர்ந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. கரு உருவான நாளிலிருந்தும் இல்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். பெரும்பாலான பெண்களுக்கு உறுதியாகத் தெரிந்த தேதி அது ஒன்றுதான் என்பதால் வந்த பழக்கம். (அதிலும் பலர் தலைக்குக் குளித்த தேதியைச் சொல்லிவிடுவார்கள். ரத்தம் பட்ட முதல் நாள்தான் கணக்கு.) ஆக, முறையாக 28 நாளுக்கு ஒருமுறை விலக்காகும் பெண்ணுக்கே, கரு உருவாகும் அன்று "இரண்டு வாரக் கர்ப்பம்" என்று எங்கள் கணக்கு காட்டும். கணவர் ஊருக்கு வருவதற்கு முந்தைய நாட்கள் இந்தக் கணக்கில் சேர்வதில் எந்த விசேஷமும் இல்லை. வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வரும் ஆண்களின் வீடுகளில் எத்தனையோ பெண்களுக்கு இந்தச் சங்கடம் நேர்கிறது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. கருமுட்டை வெளிவருவது அடுத்த விலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு. உங்கள் சுழற்சியை 42 நாள் என்று வைத்துக்கொண்டால், முட்டை வெளிவந்தது 14-ஆம் நாளில் அல்ல, 28-ஆம் நாள் வாக்கில். கணவர் வந்திறங்கியது உங்கள் சுழற்சியின் 18-ஆம் நாள். அதாவது அவர் வந்து பத்து நாள் கழித்துத்தான் கரு உருவாகியிருக்கும். நாத்தனார் விரல் விட்டு எண்ணியதும் சரி, செவிலியர் அட்டை பார்த்துச் சொன்னதும் அவரவர் வழியில் சரி. இரண்டும் வேறு வேறு கணக்குகள், அவ்வளவுதான். கருவின் உண்மையான வளர்ச்சியை வைத்துச் சொன்னால், கடிதம் எழுதிய அன்று உங்களுக்கு ஏழரை வாரம் அல்ல, ஏறத்தாழ ஐந்தரை வாரம்.

ஸ்கேன் இந்தக் கணக்கைத் திருத்திக் கொடுக்கும். முதல் மூன்று மாதத்தில் கருவின் தலை முதல் பிட்டம் வரையிலான நீளத்தை அளந்து சொல்லும் வாரம்தான் இருப்பதிலேயே துல்லியமானது. சில நாட்கள்தான் முன்னே பின்னே இருக்கும். ஆனால் ஒன்று சொல்வேன். வீட்டில் உங்களை நிரூபித்துக்கொள்வதற்காக ஸ்கேன் எடுக்காதீர்கள். ஸ்கேன் எடுப்பது உங்கள் உடல்நலத்துக்காக. நாத்தனாருக்கு விளக்க மேலே சொன்ன கணக்கே போதும். அதை உங்கள் கணவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறவே வேண்டியதில்லை.

போன முறை ஸ்கேன்தான் கலைத்ததா?

இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சில மருத்துவமனைகளில் ஸ்கேனும் எக்ஸ்-ரேயும் ஒரே கதவுக்குப் பின்னால் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் இந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கதிர்வீச்சே கிடையாது. காதுக்குக் கேட்காத ஒலி அலையை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது கருவி. கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் 1958-இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அதன் பிறகு பிறந்த தலைமுறைகள் வயிற்றிலிருந்தபோதே இந்த ஒலிக்கு ஆட்பட்டவைதான். உள்வழி ஸ்கேனில் உறை போட்ட மெல்லிய கருவி பிறப்புறுப்பு வரைதான் போகிறது. கருப்பையின் வாயைத் தாண்டுவதில்லை; கருவைத் தொடுவதும் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. துடிப்பின் சத்தத்தைக் கேட்க உதவும் டாப்ளர் என்ற வகையில் ஒலியின் ஆற்றல் ஒரே இடத்தில் குவியும், திசு லேசாகச் சூடாகக்கூடும். அதனால் முதல் பத்து, பன்னிரண்டு வாரத்தில் காரணமில்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது நெறிமுறை. துடிப்பை அளக்க அது தேவையும் இல்லை. எம்-மோடு என்று ஒரு முறை இருக்கிறது, அதில் கோடாகப் பதிந்துவிடும். "துடிப்புச் சத்தத்தைப் போனில் பதிவு பண்ணிக் கணவருக்கு அனுப்பணும்" என்று கேட்பவர்களிடம் நான் இன்னும் சில வாரம் பொறுக்கச் சொல்வது இதனால்தான்.

உங்கள் மாமியார் கண்ட வரிசை உண்மை: ஸ்கேன், பத்து நாள், ரத்தம். ஆனால் வளர்ச்சி அதற்கு முன்பே நின்றுபோயிருக்கும். உடல் அதை வெளியேற்றப் பத்து நாள் எடுத்துக்கொண்டது. தொடக்கத்திலேயே கலையும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் குறைபாட்டால் கலைபவை. அதற்கு ஸ்கேனும் காரணமில்லை, பப்பாளியும் காரணமில்லை, நீங்கள் பஸ்ஸில் போனதும் காரணமில்லை. ஒருமுறை கலைந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அடுத்தது நன்றாகவே நிற்கிறது.

இப்போது எடுத்தால் என்ன, பொறுத்தால் என்ன?

கறை மட்டும் இல்லாதிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். "இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் பொறுங்கள், உண்மையான ஏழாவது வாரத்தில் எடுங்கள், ஒரே ஸ்கேனில் எல்லாம் தெரிந்துவிடும்" என்று சொல்லியிருப்பேன். ஆரம்ப ஸ்கேனில் பெரும்பாலும் நடக்கும் அனர்த்தம், தேவைக்கு முன்னாலேயே எடுப்பது. ஐந்தரை வாரத்தில் தெரிவது கருப்பைக்குள் ஒரு சின்ன நீர்ப்பை. ரிப்போர்ட்டில் ஜெஸ்டேஷனல் சாக் என்று இருக்கும். அதற்குள் மோதிரம் மாதிரி ஒரு வளையம் தெரிந்தால் யோக் சாக் என்று எழுதுவார்கள். துடிப்பு தெரிவது உள்வழி ஸ்கேனிலேயே ஆறு வாரத்தை ஒட்டித்தான். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இன்னும் சில நாள் கழித்துத்தான் தெரியும். நீங்கள் இன்று போய், "கடைசி விலக்கு 52 நாள் முன்பு" என்று மட்டும் சொன்னால், பார்ப்பவர் ஏழரை வாரக் கருவைத் தேடுவார். இருக்காது. "வாரத்துக்கேற்ற வளர்ச்சி இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டால் உங்கள் வீட்டில் மறுபடியும் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடும். அதனால் 40–45 நாள் சுழற்சி என்பதைப் பரிந்துரைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கறை இருப்பதால், பொறுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது ஒரு ஸ்கேன், பத்திலிருந்து பதினான்கு நாள் கழித்து இன்னொன்று என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஸ்கேனிடம் நாம் கேட்பது ஒரே கேள்வி: பை கருப்பைக்குள் இருக்கிறதா? அதற்கு மட்டும் பதில் வந்தால் போதும். துடிப்பை அன்று தேடவே வேண்டாம். பை எங்குமே தெரியாவிட்டால் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனையை 48 மணி நேர இடைவெளியில் இருமுறை செய்து, எண் எப்படி ஏறுகிறது என்று பார்ப்பார்கள். துடிப்பு, வாரக் கணக்கு, ஒன்றா இரட்டையா என்பதெல்லாம் இரண்டாவது ஸ்கேனுக்கு.

முதல் ஸ்கேனால் உங்களுக்கு இன்னொரு பலனும் உண்டு. முன்பு ஒருமுறையாவது கரு கலைந்து, இப்போதும் கறை படும் பெண்களுக்குப் புரோஜெஸ்டிரோன் மாத்திரையைப் பிறப்புறுப்பில் வைப்பது ஓரளவு பயன் தருகிறது. 2019-இல் வெளியான, 4000-க்கும் அதிகமான பெண்கள் பங்கேற்ற பிரிட்டிஷ் ஆய்வில், இப்படிப்பட்டவர்களில் மாத்திரை வைத்தோரில் 75 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. வெற்று மாத்திரை வைத்தோரில் 70 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் வித்தியாசம். கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று ஸ்கேனில் உறுதியான பிறகே இதைத் தொடங்க வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள். படுத்தே கிடந்தால் கரு தங்கும் என்பதற்கு மட்டும் எந்த ஆதாரமும் இல்லை. வழக்கமான வீட்டு வேலையைச் செய்யலாம்.

சரி, மாமியார் சொல்வதுபோல் மூன்றாம் மாதம் வரை காத்திருந்தால்? அவர் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. கறையோ வலியோ பழைய இழப்போ இல்லாத, விலக்கு முறையாக வரும் பெண் என்றால், முதல் ஸ்கேனை 12-ஆம் வாரத்தில் எடுப்பதில் தவறே இல்லை. உலக சுகாதார நிறுவனமும் 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் என்றுதான் சொல்கிறது. உங்களுக்கு அது ஒத்துவராது. குரோமோசோம் குறைபாட்டுக்கான வாய்ப்பைக் கணிக்க, கருவின் கழுத்துப் பின்புற நீரை அளக்கும் என்.டி. ஸ்கேனை 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்க வேண்டும். கருவின் நீளம் 45 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அட்டையில் உள்ள தேதியை நம்பி 12-ஆம் வாரம் என்று போனால் உங்கள் கரு அப்போது 10 வாரம்தான். அளக்க முடியாது, திரும்பி வரச் சொல்வார்கள். கூடவே எடுக்கும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையின் கணக்கும் பிசகும். அதைவிடப் பெரியது கடைசியில் வரும் சிக்கல்: 38 வாரத்தில் இருக்கும் உங்களிடம் "நாள் வந்துவிட்டது, வலி வரவில்லையே" என்று மருந்து கொடுத்து வலி வரவழைப்பார்கள்.

ஸ்கேன் அறையில்

முடிவு உங்களுடையது. ஸ்கேனுக்குக் கணவர் கையெழுத்தோ மாமியார் சம்மதமோ சட்டப்படி தேவையில்லை. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி படிவம் 'எஃப்' என்று ஒன்றை நிரப்புவார்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்ற உறுதிமொழி அதில் இருக்கும். நீங்கள் கையெழுத்திடுவது அதற்குத்தான். பாலினத்தைச் சொல்வதும் கேட்பதும் குற்றம். ஏழாவது வாரத்தில் எந்த ஸ்கேனிலும் அது தெரியவும் தெரியாது. அடையாள அட்டையும் மருத்துவரின் பரிந்துரைச் சீட்டும் கையில் இருக்கட்டும். அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் இலவசம்.

உள்வழி ஸ்கேன் வேண்டாம் என்று மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. முதலில் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். அதற்குச் சிறுநீர் முட்டியிருக்க வேண்டும், உள்வழிக்குக் கழித்துவிட்டுப் போக வேண்டும். இவ்வளவு சின்ன வாரத்தில் தெளிவாகத் தெரிவது உள்வழியில்தான் என்பதால், நான் உங்கள் மருத்துவராக இருந்தால் அதைத்தான் சொல்வேன். பெண் ஊழியர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேளுங்கள், தயங்காதீர்கள்.

இரண்டாவது ஸ்கேனிலும் துடிப்பு தெரியவில்லை என்றால்? சொல்ல விருப்பமில்லை, ஆனால் சென்ற முறை நடந்ததால் இதையும் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கருவின் நீளம் 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் துடிப்பு இல்லை, அல்லது பை 25 மில்லிமீட்டரைத் தொட்டும் உள்ளே கரு இல்லை என்றால்தான் வளர்ச்சி நின்றுவிட்டது என்று சொல்ல முடியும். அளவு அதற்குக் குறைவு என்றால் குறைந்தது ஒரு வாரம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் முறை. ரிப்போர்ட்டில் மில்லிமீட்டர் எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணை எட்டாமல் "இன்றே சுத்தம் செய்துவிடலாம்" என்று யாராவது அவசரப்படுத்தினால், படத்தையும் ரிப்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் போங்கள். ரத்தம் கொட்டாதவரை, காய்ச்சல் இல்லாதவரை, ஒரு வாரம் பொறுப்பதால் உங்களுக்கு ஆபத்து இல்லை.

இரண்டாவது ஸ்கேன் முடிந்ததும் திருத்திய பிரசவத் தேதியைக் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டி, தாய்–சேய் அட்டையிலும் பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிகள் பதிவிலும் மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஒருமுறை மாற்றிவிட்டால் பிறகு வரும் ஸ்கேன்களை வைத்து அதை மறுபடி மாற்ற விடாதீர்கள். ஐந்தாம் மாதத்துக்கு மேல் எடுக்கும் ஸ்கேன் வளர்ச்சியைச் சொல்லும், தேதியைத் துல்லியமாகச் சொல்லாது. ஃபோலிக் அமில மாத்திரை தொடங்கியிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால் இன்றிரவிலிருந்தே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், அதற்கு ஸ்கேன் முடிவு தேவையில்லை. உங்கள் விலக்கு இவ்வளவு தள்ளிப் போவதால் தைராய்டும் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நாளை ரத்தம் எடுக்கும்போதே சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.